ஆய்வு வடிவமைப்பை வைத்துக் கட்டுரை தேட ஆன்டாலஜி எதற்கு, கீவேர்டு போதாதா?

போதும் என்றுதான் நானும் இருந்தேன். ஆன்டாலஜி என்றால், ஒரு துறையின் வகைகளையும் அவற்றுக்குள் இருக்கும் உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி எழுதி வைத்தது. நீங்களும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளை எல்லாம் முறையாகத் தேடித் தொகுப்பது) தொடங்கி, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ‘கோஹார்ட்’ (ஒரு குழுவில் பின்னால் யாருக்கு என்ன வந்தது என்று பார்க்கும் ஆய்வு) என்று தட்டி, குவிந்ததைப் பார்த்து மலைத்துப்போய்த்தான் கேட்கிறீர்கள் போல.

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் தூணில் சாய்ந்து ஒரு மாதம் கட்டுரை சலித்தேன். சர்க்கரை நோயில் வரும் கால் புண், கோஹார்ட் ஆய்வுகள் மட்டும். சுருக்கத்தில் ‘கேஸ்-கன்ட்ரோல்’ என்றிருந்த ஒன்றைத் திறக்காமலே தள்ளினேன். பிறகு படித்தால், புகைப்பவர், புகைக்காதவர் என்று முதலில் பிரித்துக்கொண்டு, யாருக்குப் புண் வந்தது என்று பழைய பதிவேட்டில் பார்த்திருக்கிறார்கள். அது கோஹார்ட். புண் வந்தவரையும் வராதவரையும் முதலில் எடுத்துப் பின்னோக்கிப் போனால்தான் கேஸ்-கன்ட்ரோல். எழுதியவரே பெயரை மாற்றி வைத்தால் கீவேர்டு பாவம் என்ன செய்யும்?

எங்கள் அப்பத்தா வரன் பார்க்கும்போது முதல் கேள்வி, “எந்தக் கோவில்?” நாங்கள் நகரத்தார், ஒன்பது கோவில்களாகப் பிரிந்தவர்கள். ஒரே கோவில் என்றால் பெரும்பாலும் பங்காளி, பேச்சு முடிந்தது. பிள்ளையார்பட்டியும் இரணியூரும் வேறு வேறு பெயர்தான். ஆனால் அண்ணன் தம்பி, கொள்வினை கொடுப்பினை இல்லை. இது பெயரில் தெரியாது, உறவு தெரிந்தால்தான் தெரியும். (சாதிப் பெருமை பேசுகிறான் என்று கமெண்டில் வராதீர்கள். எனக்குக் கைக்கு எட்டிய உதாரணம் இது.)

ஆன்டாலஜியும் அப்படித்தான் கேட்கிறது. சிகிச்சையை ஆராய்ச்சியாளர் ஒதுக்கினாரா, சும்மா கவனித்தாரா? ஒதுக்கினால் குலுக்கல் முறையிலா? ஆட்களை எதை வைத்துச் சேர்த்தார்? பதில்களை வைத்து வகையைக் கணினியே சொல்லிவிடும். மருத்துவ ஆய்வுக்கென்றே ஓசிஆர்இ (ஆன்டாலஜி ஆஃப் கிளினிக்கல் ரிசர்ச்) என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பதில்களை யாராவது உட்கார்ந்து பதிய வேண்டுமே! பப்மெட்டுக்கு அடித்தளமான மெட்லைன் தொகுப்பில் ‘ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு டிரையல்’ (குலுக்கல் முறையில் சிகிச்சை ஒதுக்கும் ஆய்வு) தனி வகையாக வந்ததே 1991இல்தான். அதன் பிறகும் விடுபட்டதைப் பிடிக்க சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்யும் காக்ரேன் அமைப்புக்காரர்கள் இதழ்களைப் பக்கம் பக்கமாகக் கையால் புரட்டினார்கள்.

அவர்கள் பெயராவது நன்றியுரையில் வந்திருக்கும். நான் சலித்த ரிவ்யூவில் என் பெயர் நான்காவது. முன்னால் இருந்தவர்களில் இரண்டு பேர் ஒரு பிடிஎஃப்கூடத் திறக்கவில்லை. கேட்டால் ‘சீனியாரிட்டி’ என்றார் வழிகாட்டி.

சரி, அது கிடக்கட்டும். தேடல் சொல் எழுதும் முன் பத்துக் கட்டுரையில் ‘முறைகள்’ பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.