கர்ணம் நோட்டில் இருக்கும் மழையை எப்படிக் கணக்கெடுப்பது?

கேள்வி: எங்கள் ஊர் மேலூர் பக்கம். கொள்ளுத்தாத்தா கர்ணமாக, அதாவது கிராமக் கணக்கராக, இருந்தவர். அவர் எழுதிய ஏழு நோட்டுகள் பரணில் கிடைத்தன. வரவு செலவுக்கு நடுநடுவே 'விகாரி வருஷம் ஐப்பசி, மழை இல்லை', 'கண்மாய் மறுகால் போனது' (நிரம்பி வழிந்தது), 'நாற்று கருகியது' என்று குறித்திருக்கிறார். இதை வைத்து எங்கள் பகுதியின் பழைய மழை வரலாற்றை எழுத முடியுமா? எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றத் தொடங்கிவிட்டேன்.

பதில்: முடியும். ஜப்பானில் சுவா ஏரி உறைந்த நாளை 1443 முதல் குறித்துவந்த ஏடுகளைக் கொண்டு அங்கே குளிர்காலம் மாறிவந்த விதத்தைச் சொல்கிறார்கள். சீனாவில் மாவட்டக் குறிப்பேடுகளை வைத்து 1470-லிருந்து ஆண்டுவாரியாக வறட்சி, ஈரம் இரண்டையும் ஐந்து படிகளில் பிரித்துவிட்டார்கள். உங்களிடம் இருப்பதும் அதே வகைச் சரக்குதான். ஆனால் எக்செல்லை இப்போதைக்கு மூடிவையுங்கள். முதலில் தேதியைச் சரிபார்க்க வேண்டும்.

விகாரி வருஷம் 1899-லும் வந்தது, 1959-லும் வந்தது. 'தாது வருஷப் பஞ்சம்' என்றால் 1876 என்று நமக்குத் தெரியும். வெறும் 'தாது' என்று எழுதியிருந்தால் 1816, 1936 இரண்டையும் யோசிக்க வேண்டும். பக்கத்தில் பசலி எண், அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டின் எண், இருந்தால் தப்பித்தீர்கள்: பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வந்துவிடும். பசலி 1309 என்பது 1899 ஜூலை முதல் 1900 ஜூன் வரை. மழைக் கணக்குக்கும் பசலியே வசதி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் உடையாமல் ஒரே ஆண்டுக்குள் விழும். பசலி இல்லாவிட்டால் கிழமையும் திதியும் பாருங்கள். அறுபது ஆண்டு தள்ளி அதே மாதத் தேதியில் கிழமை, திதி இரண்டும் ஒருசேரப் பொருந்துவது அபூர்வம். இன்னொன்று: இப்போது சித்திரை 1 ஏப்ரல் 14-ல் வருகிறது, 1890-களில் அது ஏப்ரல் 12-ஐ ஒட்டி வந்தது. இன்றைய காலண்டரைப் பார்த்து மாற்றினால் பழைய தேதிகள் இரண்டு நாள் வரை தள்ளிப்போகும்.

தேதி எவ்வளவு படுத்தும் என்பதற்கு என் சொந்த அசட்டுத்தனம் ஒன்று. 1746-ல் சென்னைக் கடலில் அடித்த புயல் பிரெஞ்சுக் கப்பல்களைச் சிதைத்தது. பிரெஞ்சுக்காரர் கணக்கில் அது அக்டோபர் 13, 14. ஆங்கிலேயர் அப்போது பழைய காலண்டரில் இருந்தார்கள், அவர்கள் கணக்கில் பதினொரு நாள் முன்னால். நான் அதை இரண்டு புயலாக எழுதி வைத்திருந்தேன், வெகுநாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

அடுத்தது, எதை எடுப்பது, எதை விடுவது. 'நல்ல மழை', 'பேய் மழை' என்பதெல்லாம் எழுதியவர் மனநிலை. 'மறுகால் போனது', 'உழவுக்குப் பதம் வந்தது', 'கார்த்திகையில் நடவு', 'கண்மாயில் தண்ணீர் இல்லை' என்பவை நடந்த காரியங்கள். இவற்றுக்குத்தான் மதிப்பு. வஜா (தீர்வைத் தள்ளுபடி) கேட்டு எழுதிய மனு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கொஞ்சம் சந்தேகத்தோடு. தீர்வையைக் குறைக்கக் கேட்கிறவர் பயிர் சாவியாய்ப் போனதைச் சற்றுக் கூட்டித்தான் சொல்வார். நெல் விலையை நம்பவே வேண்டாம். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது விலை ஏறியதற்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை. எதுவும் எழுதாத மாதத்தை 'மழை இல்லை' என்று போட்டுவிடாதீர்கள். வீட்டில் கல்யாணமோ, அவருக்குக் காய்ச்சலோ, யார் கண்டது? அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

பிறகு ஒவ்வொரு பசலிக்கும் வடகிழக்குப் பருவத்துக்கு ஒரு மதிப்பெண்: கடும் வறட்சிக்கு −2, வழக்கமான மழைக்கு 0, கண்மாய் உடையும் அளவுக்குப் பெய்தால் +2. சுவிட்சர்லாந்து வரலாற்றாளர் கிறிஸ்டியன் ஃபிஸ்டர் −3 முதல் +3 வரை வைத்தார். ஒரே ஒருவரின் நோட்டுக்கு ஐந்து படி போதும். நீங்கள் ஒருமுறை போடுங்கள், வீட்டில் இன்னொருவர் உங்கள் எண்ணைப் பார்க்காமல் போடட்டும். இரண்டும் ஒத்துப்போகாத ஆண்டுகளை நோட்டோடு உட்கார்ந்து மறுபடி படியுங்கள்.

இந்த எண்களை மழைமானியோடு ஒட்டிப் பார்த்தால்தான் அவை பேசும். சென்னையில் மழை அளவு 1813 முதல் உண்டு என்றாலும் மேலூருக்கு அது உதவாது. மதுரை மாவட்ட நிலையங்களின் பழைய அளவுகளைத் தேடுங்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் ஆண்டுகளில் பாதியை வைத்து −2 என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று கண்டுபிடியுங்கள். மீதிப் பாதியில் அது பலிக்கிறதா என்று சோதியுங்கள்.

உங்கள் ஊருக்கென்று ஒரு பொறி இருக்கிறது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது, அதாவது மன்மத வருஷம். மேற்கே கேரளப் பக்கம் ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்து, கால்வாய் வழியாக மேலூர்க் கண்மாய்களை எட்டியது. அதற்கு முன் 'மறுகால் போனது' என்றால் பெரும்பாலும் உங்கள் ஊரைச் சுற்றிப் பெய்த மழை. அதன் பின் அது மலைமேல் பெய்த தென்மேற்குப் பருவ மழையாகவும் இருக்கலாம். போதாததற்குக் கண்மாயில் வண்டல் ஏற ஏற, குறைந்த மழைக்கே மறுகால் போகும். எனவே 1895-க்கு முந்தியதைத் தனித் தாளில் போடுங்கள். பிந்தைய ஆண்டுகளுக்கு மறுகாலை விட்டுவிட்டு, கால்வாய் எட்டாத மேட்டுப் புஞ்சையைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள். வரகும் கேழ்வரகும் விதைத்த தேதி கிடைத்தால் அந்தப் பக்கங்களின் படத்தை எனக்கு அனுப்புங்கள்.