பாளையங்கோட்டையில் 80 லட்சம் வீட்டை 48 லட்சத்துக்குப் பத்திரம் போட்டு, மீதியை ரொக்கமாகக் கேட்கிறார்கள். வாங்குபவருக்கு லாபமா?

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. மறைக்கும் 32 லட்சத்துக்கு உங்களுக்கு மிச்சம் 2.88 லட்சம், அவ்வளவுதான். பின்னாளில் விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 48 லட்சம்தான். கூடுதலாகத் தெரியும் 32 லட்சம் லாபத்துக்கு இன்றைய 12.5% விகிதத்தில் 4 லட்சம் வரி. விற்பவர் தன் வரியை உங்கள் தலையில் கட்டுகிறார், அதுதான் நடப்பது.

48 என்ற எண்ணும் சும்மா வந்ததல்ல. 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1% வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஆனால் வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) 50 லட்சத்துக்கு மேலே இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. இரண்டில் எது கூடுதலோ அதுவே கணக்கில் எடுக்கப்படும். அண்ணன் தம்பி பெயரில் பிரித்து வாங்கினாலும் 2024 அக்டோபர் முதல் மொத்தத் தொகைதான் கணக்கு.

வழிகாட்டி மதிப்புக்குக் கீழே பதிந்தால் இன்னும் மோசம்: வித்தியாசம் பத்திர விலையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அது உங்கள் வருமானமாகவே கருதப்படும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம். அது விற்பவர் தலையில் விழும். பேரம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், பாதிப் பேர் இறங்கிவருவார்கள்.

வங்கிக் கடனும் பத்திர விலையை ஒட்டித்தான் கிடைக்கும். வில்லங்கம் வந்து வழக்காடினால், பத்திரத்தில் இல்லாத 32 லட்சத்தை நிரூபிப்பது பெரும்பாடு.