மடிப்பில் ஒடியாமல் இருக்க…

கேள்வி: பேப்பரில் மடித்துப் புரட்டுவோமே ஹெக்ஸாஃப்ளெக்சகான் (முக்கோணங்கள் வரிசையாக உள்ள பட்டையை அறுகோணமாக மடித்து, புரட்டப் புரட்டப் புதுப் பக்கம் காட்டும் விளையாட்டுப் பொருள்), அதை என் பையனுக்காக த்ரீடி பிரிண்டரில் எடுத்தேன். மடிப்புக் கோட்டை மட்டும் மெல்லிசாக விட்டிருந்தேன், பிளாஸ்டிக் வழக்கமான பிஎல்ஏதான். நாலைந்து தடவை புரட்டியதும் கோடு வெளுத்து ஒடிந்துவிட்டது. ஃபிலமென்ட்டை (பிரிண்டருக்குப் போடும் பிளாஸ்டிக் இழையை) மாற்றினால் சரியாகுமா?

பதில்: ரப்பர் மாதிரி வளையும் டிபியு ஃபிலமென்ட் போட்டால் ஒடியாது. ஆனால் முக்கோணங்களும் சேர்ந்து வளைந்துகொடுக்கும், நடுவில் பூ விரிகிற மாதிரி திறக்க வேண்டியது கொழகொழவென்று திறக்கும், எனக்கு அது பிடிக்காது. பிஎல்ஏவே இருக்கட்டும், மடிகிற வேலையை நெட் துணியிடம் விட்டுவிடுங்கள்.

இந்த விளையாட்டு பிறந்ததே மிச்சமான காகிதத்தில்தான். 1939-இல் பிரின்ஸ்டனில் படித்த ஆர்தர் ஸ்டோன் என்ற ஆங்கிலேய மாணவர், அமெரிக்கத் தாள் தன் ஃபைலில் அடங்காததால் ஓரத்தை வெட்டி, அந்தத் துண்டுகளைச் சும்மா மடித்துப் பார்த்தபோது கிடைத்தது. காகிதத்துக்குத் தடிமன் இல்லை என்றே சொல்லலாம், அது ஒரு வசதி. உங்கள் முக்கோணத்துக்குத் தடிமன் உண்டு, ஒவ்வொரு மடிப்பும் இரண்டு பக்கமும் மடங்கியாக வேண்டும், அதனால் துணி தடிமனின் சரிபாதியில் இருக்க வேண்டும்.

0.2 மி.மீ. லேயரில் இரண்டு லேயர் அடித்ததும் பிரிண்டர் நிற்கும்படி ஸ்லைசரில் (மாடலை லேயர் லேயராகப் பிரித்துத் தரும் மென்பொருளில்) இடைநிறுத்தம் (pause) வையுங்கள். நெட் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து பெட்டின் (பிரிண்ட் ஆகும் தட்டின்) ஓரங்களில் கிளிப் போட்டுவிட்டு (பிளாஸ்டிக் வரும் முனையான நாசில் போய் கிளிப்பில் இடிக்காத இடமாகப் பார்த்து!) இன்னும் இரண்டு லேயர் ஓட விடுங்கள். உருகிய பிளாஸ்டிக் துணியின் ஓட்டைகள் வழியே கீழ் லேயரைப் பிடித்துக்கொள்ளும். துணி தொளதொளவென்று கிடந்தால் நாசில் அதை இழுத்துக்கொண்டு போய்விடும், அப்புறம் மொத்தமும் குப்பைதான்.

முக்கோணங்களுக்கு இடையே 2 முதல் 2.5 மி.மீ. இடைவெளி விடுங்கள். புரட்டும்போது மூன்று அடுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இடங்கள் உண்டு, குறைத்தால் முட்டும். பக்கம் 30 மி.மீ. வைத்தால் 220 மி.மீ. பெட்டில் தாராளமாக அடங்கும்.

கேள்வி: ஒட்டுவதற்கென்று பத்தாவதாக ஒரு முக்கோணம் வருமே, அதையும் அடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒட்டினால் அந்த இடம் மட்டும் இரட்டைத் தடிமனாகிப் புரட்ட விடாது. ஒன்பது போதும், இரண்டு முனையிலும் கொஞ்சம் நெட்டை நீட்டி விட்டுவிட்டு, முதலில் அறுகோணமாக மடித்து, பிறகு முனைகளை ஊசி நூலால் தையுங்கள், மற்ற இடைவெளிகளின் அளவிலேயே. மடிக்காமல் அப்படியே வளையமாகத் தைத்துவிட்டால் மூன்று அரை முறுக்கு வராது, பிரித்துத்தான் தைக்க வேண்டியிருக்கும்.