முன்கூட்டியே பதிவா, கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: வெளியூர்ப் பயணத்துக்கு விடுதி அறையை மாதங்களுக்கு முன்பே பதிவு செய்வது நல்லதா, கடைசி நாள்வரை காத்திருந்தால் விலை குறையுமா? குடும்பத்துடன் செல்கிறோம்.

பதில்: குடும்பத்துடன் செல்வதால், கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுள்ள அறையாகப் பார்த்து முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். இன்றிரவு விற்காமல் போன அறையை நாளை விற்க முடியாது என்பதால், காலி அறைகள் மிகுந்திருக்கும் விடுதி கடைசி நேரத்தில் விலையை இறக்குவது உண்மைதான். ஆனால் அதே நாளில் அந்த ஊரில் மாநாடோ திருவிழாவோ நடந்தால், எஞ்சியிருக்கும் நான்கைந்து அறைகளின் விலை மளமளவென்று ஏறிவிடும்; நால்வர் தங்கும் அறைகளோ எண்ணிக்கையில் குறைவு என்பதால் அதற்கு முன்பே தீர்ந்திருக்கும். வார நாட்களில் அலுவல் பயணிகளால் நிரம்பி, விடுமுறை நாட்களில் காற்று வாங்கும் விடுதிகளில், தனியாகச் செல்பவர் வேண்டுமானால் துணிந்து காத்திருக்கலாம்.

பதிவு செய்ததோடு விட்டுவிடாமல், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அதே அறையின் விலையை மீண்டும் பாருங்கள். குறைந்திருந்தால் புதிதாகப் பதிவு செய்து, அது உறுதியான பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். (இந்த வரிசையை மாற்றி, ஒருமுறை நான் இரண்டையும் இழந்தேன்.) ரத்துக்கான கெடு பல விடுதிகளில் வருகைக்கு 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும், வெளிநாடென்றால் அது பொதுவாக விடுதி இருக்கும் ஊரின் நேரப்படிதான் கணக்கிடப்படும். பணம் திரும்பக் கிடைக்காத மலிவுக் கட்டணத்தை, தேதி மாறவே மாறாது என்றால் மட்டும் தொடுங்கள். நள்ளிரவில் போய்ச் சேர்வதாக இருந்தால் விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நீங்கள் வரவில்லை என்றெண்ணி, அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு.