பாஸ்பேட் ஏறினால் என்ன ஆகும்? செல் வளர்ச்சி பற்றி வந்த கேள்விகள்

கேள்வி: பாஸ்பேட் ஏறினால் புரதம் வேலை செய்யும், இறங்கினால் நின்றுவிடும். இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், பாதி இடங்களில் இது காலை வாரிவிடும். கைனேஸ் என்ற நொதி செய்வது ஒன்றுதான்: செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, புரதத்தின் செரின், த்ரியோனின் அல்லது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஏற்றுகிறது. அங்கே எதிர்மின்சுமை கூடுகிறது. அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பது எந்த இடத்தில் ஏறியது என்பதைப் பொறுத்தது. சார்க் கைனேஸையே பாருங்கள், 416ஆம் டைரோசினில் ஏறினால் முடுக்கம், 527இல் ஏறினால் பூட்டு (எண்கள் புரதச் சங்கிலியில் அந்த அமினோ அமிலத்தின் இடம், கோழியின் புரதத்துக்கானவை).

கேள்வி: பிஐ3கே–ஏகேடி ஒரு படம், ராஸ்–ஈஆர்கே இன்னொரு படம் என்று தனித்தனியாகப் படிக்கிறோம். இரண்டும் எங்கே சந்திக்கின்றன?

இரண்டும் வளர்ச்சிச் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் புரதத் தொடர்கள், பல இடங்களில் சந்திக்கின்றன. ஒன்றை மட்டும் உருப்படியாகப் பார்க்க வேண்டுமென்றால் நான் டிஎஸ்சி2 என்ற புரதத்தைத்தான் சொல்வேன், 1,800 சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய ஆள். டிஎஸ்சி1-ஐத் துணைக்கு வைத்துக்கொண்டு ரெப் என்ற சின்னப் புரதத்தை அடக்கி வைப்பதுதான் இதன் வேலை. ரெப் அடங்கிக் கிடக்கும்வரை செல் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் என்ற கைனேஸின் முதல் கூட்டமைப்பு முழு வேகம் எடுக்காது, புரத உற்பத்தி மந்தமாகும், செல்லும் பெரிதாகாது.

இன்சுலின் வந்தால் ஏகேடி, டிஎஸ்சி2-வின் 939ஆம் செரின், 1462ஆம் த்ரியோனின் போன்ற இடங்களில் பாஸ்பேட் ஏற்றி, ரெப் இருக்கும் லைசோசோம் (செல்லுக்குள் இருக்கும் செரிமானப் பை) பரப்பிலிருந்து டிஎஸ்சி2-வைக் கிளப்பிவிடுகிறது. ராஸ் பக்கமிருந்து வரும் ஈஆர்கே 664ஆம் செரினைப் பிடிக்கிறது, அது எழுப்பிவிடும் ஆர்எஸ்கே என்ற கைனேஸ் 1798ஆம் செரினை. இந்த மூன்றும் ரெப் மேல் டிஎஸ்சி2 வைத்திருக்கும் பிடியைத் தளர்த்துபவை. ஆனால் செல்லில் ஆற்றல் தீர்ந்து ஏஎம்பி (ஏடிபி செலவாகி மிஞ்சுவது) கூடும்போது ஏஎம்பிகே என்ற கைனேஸ் வந்து அதே டிஎஸ்சி2-வில் வேறு இடங்களில் பாஸ்பேட் ஏற்றும், அப்போது பிடி இறுகும்! ஒரே கோப்பில் நாலு மேசைக்காரர்கள் குறிப்பு எழுதுவது மாதிரிதான், கடைசியில் எந்தக் குறிப்பு எடுபடும் என்பது அந்த நேரத்து நிலவரம். பாடப்புத்தக அம்புக்குறிப் படங்கள் மறைப்பது இதைத்தான்.

கேள்வி: ராபாமைசின் கொடுத்த செல்களில் எஸ்6கே-வின் பாஸ்பேட் போய்விட்டது, ஆனால் ஏகேடியில் கூடிவிட்டது. சோதனை சொதப்பலா?

இல்லை, சோதனை சரியாகவே நடந்திருக்கிறது. ராபாமைசின் எம்டார் முதல் கூட்டமைப்பை அடக்கும் மருந்து, அந்தக் கூட்டமைப்பு பாஸ்பேட் ஏற்றி எழுப்பும் கைனேஸ்தான் எஸ்6கே. எஸ்6கே சும்மா இருக்கும் ஆள் இல்லை, இன்சுலின் ஏற்பியின் கீழே இருக்கும் ஐஆர்எஸ்1 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏற்றி மேலிருந்து வரும் சமிக்ஞையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். எஸ்6கே-வை நிறுத்தினால் அந்தத் தடையும் போய்விடும், ஏகேடி துள்ளும். புற்றுநோயில் ராபாமைசின் வகை மருந்துகள் எதிர்பார்த்த அளவு எடுபடாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மருந்தை நீண்ட நேரம் வைத்திருந்தால் சில செல்களில் ஏகேடிக்குப் பாஸ்பேட் ஏற்றும் எம்டார் இரண்டாம் கூட்டமைப்பும் உருவாகாமல் ஏகேடி இறங்கிவிடும், அதனால் எத்தனை மணி நேரம் கழித்து எடுத்த மாதிரி என்பதை மறக்காமல் எழுதிவையுங்கள்.

கேள்வி: ராபாமைசின் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்தது என்பது உண்மையா?

உண்மைதான். 1964இல் அங்கே போன கனடியக் குழு கொண்டுவந்த மண்ணில் இருந்த பாக்டீரியா தந்தது, அதைப் பிரித்தெடுத்த குழுவில் முக்கியமானவர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் (இன்றைய பாகிஸ்தான்) பிறந்த சுரேன் சேகல். அது தாக்கும் இலக்கான டார் புரதத்தின் (எம்டாரின் ஈஸ்ட் வடிவம்) மரபணுக்களை 1991இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் மைக்கேல் ஹால் குழு ஈஸ்ட்டில் கண்டுபிடித்தது.

கேள்வி: வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் பிடிக்கும் பாஸ்போ ஆன்டிபாடி போட்டால் பின்னணி முழுக்கக் கறுப்பாக வருகிறது. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கப் பால் பவுடரில்தான் பிளாக் செய்கிறேன்.

முதலில் பாலை மாற்றிப் பாருங்கள். பாலில் இருக்கும் கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம், சில ஆன்டிபாடிகள் அதையும் பிடித்துக்கொள்ளும். பிஎஸ்ஏ (மாட்டு இரத்தப் புரதம்) போடுங்கள். அப்புறம், செல்லை உடைக்கும் கரைசலில் சோடியம் ஃபுளூரைடும் ஆர்த்தோவனடேட்டும் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நீங்கள் ஐஸ் தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே பாஸ்பட்டேஸ் என்ற நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். மொத்தப் புரதத்துக்கும் ஒரு பிளாட் ஓட்டாமல் பாஸ்போ பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு கூடியது, குறைந்தது என்று எழுதாதீர்கள்.