இண்டக்‌ஷன் அடுப்பில் கர்ப்பிணி சமைக்கலாமா?

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. வாடகை வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புதான். அதன் காந்தப்புலம் ‘ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்’ உண்டாக்கிக் குழந்தையைப் பாதிக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். விறகடுப்பே மேல் என்கிறார் மாமியார். ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிடலாமா? கதிர்வீச்சைத் தடுக்கும் ஏப்ரன் வாங்கலாமா?

பதில்: தாராளமாகச் சமையுங்கள். அடுப்பை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றால் போதும். மாத்திரையும் ஏப்ரனும் வேண்டாம்.

அந்த வீடியோ முழுப் பொய்யும் இல்லை. உடல் ஆக்ஸிஜனைச் செலவழிக்கும்போது செல்களைச் சேதப்படுத்தக்கூடிய ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற மூலக்கூறுகள் உண்டாகின்றன. உடலிலேயே உள்ள குளுட்டாதயோன் போன்ற ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட்கள் அவற்றை அடக்கி வைக்கும். அடக்க முடியாத அளவுக்குப் பெருகினால் அதுதான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். கர்ப்பத்தில் இது இயல்பாகவே கொஞ்சம் கூடும். எலிகளைக் காந்தப்புலத்தில் வைத்துப் பார்த்த சில ஆய்வுகளில் இன்னும் கூடியது, சிலவற்றில் கூடவில்லை. கூடியவற்றில் பலவும் வீட்டில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலுவான புலத்தில் செய்தவை.

மனிதர்களிடம் நடந்தவற்றில் அதிகம் பேசப்படுவது 2017இல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வு. 913 கர்ப்பிணிகள் 24 மணி நேரம் அளவுமானியைக் கட்டிக்கொண்டு நடமாடினார்கள். குறைவான புலம் பட்டவர்களில் 10.4 சதவீதம் பேருக்குக் கருச்சிதைவு. கூடுதலாகப் பட்டவர்களில் 24.2. கேட்டால் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் மசக்கை கடுமையாக உள்ள பெண் வீட்டோடு படுத்துக் கிடப்பார். கடை, ரயில், ஆபீஸ் என்று அலைய மாட்டார், அளவுமானியும் குறைவாகவே காட்டும். மசக்கை அதிகமுள்ளவர்களுக்குக் கருச்சிதைவு குறைவு என்பதும் தெரிந்ததே. அப்படியானால் எது காரணம், எது விளைவு? இந்தச் சிக்கல் முழுதாக அவிழவில்லை என்பதே என் கருத்து. அப்புறம், அந்தக் கருவி அளந்தது வீட்டு மின்சாரத்தை ஒட்டிய குறைந்த அதிர்வெண்களை. இண்டக்‌ஷன் அடுப்பின் புலமோ வினாடிக்கு 20,000 தடவைக்கு மேல் மாறுவது. அந்த ஆய்வை இந்த அடுப்போடு முடிச்சுப் போடவே முடியாது.

இண்டக்‌ஷன் அடுப்பின் புலம் விலக விலகச் சட்டென்று குறைந்துவிடும். 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி நில்லுங்கள் என்கிறது சுவிட்சர்லாந்தின் சுகாதாரத் துறை. நம் வீடுகளில் சிக்கல் வேறு: அடுப்பு மேடை விளிம்பில் இருக்கும், வயிறு ஒட்ட நின்று தோசை வார்ப்போம். அடுப்பைச் சுவர்ப் பக்கமாக நகர்த்துங்கள். அகலமான வட்டத்தில் சின்னப் பால் பாத்திரத்தை வைத்தாலும், பாத்திரத்தை ஓரமாக வைத்தாலும், அடி நெளிந்திருந்தாலும் புலம் கூடுதலாகக் கசியும். கிளற மரக் கரண்டி நல்லது.

விறகடுப்பு வேண்டவே வேண்டாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தைக்கான ஆக்ஸிஜனைக் குறைக்கும். ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்துக்குப் பயந்து புகைக்குள் போய் உட்காருவதா? மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயம்: 2006இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலான ப்ரீ-எக்லாம்ப்சியா வரும் ஆபத்து அதிகமுள்ள சுமார் 2,400 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். அந்தச் சிக்கல் குறையவில்லை. எடை குறைந்த குழந்தைகள்தான் சற்று அதிகம் பிறந்தன. கொய்யா, நெல்லிக்காய், முருங்கைக்கீரை சாப்பிடுங்கள். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை மட்டும் விடாதீர்கள்.

ஏப்ரன்? வெள்ளி இழை கோத்த மெல்லிய துணி இந்த வகைக் காந்தப்புலத்துக்குப் பெரிய தடையே இல்லை. அந்தக் காசுக்கு அடி தட்டையான நல்ல தோசைக்கல் ஒன்று வாங்கலாம்.