மாடல் ஃபோல்டரில் இருக்கிறது, போனில் மட்டும் காணோம்

கேள்வி: கேம் செய்யும் மென்பொருளான கோடாட் 4-ல் ஒரு சின்ன கேம் செய்கிறேன். விண்டோஸ் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. ஏபிகே ஆக்கி ஆண்ட்ராய்டு போனில் போட்டால், ஸ்கிரிப்ட் வழியாக லோட் செய்யும் மரம், மாட்டுவண்டி 3டி மாடல்கள் வருவதில்லை. ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று எரர். இத்தனைக்கும் ஃபைல்கள் ஃபோல்டரில் அப்படியேதான் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: லேப்டாப்பில் ஓடி போனில் ஓடவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கேபிடல் எழுத்தைத்தான். 3டி மாடல் செய்யும் பிளெண்டரிலிருந்து எடுத்தபோது மரத்தின் ஃபைல் பெயர் கேபிடல் எழுத்தில் தொடங்கியிருக்கும். ஸ்கிரிப்டில் நீங்கள் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடித்திருப்பீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, திறந்துவிடும். ஏபிகேவுக்குள் போனதும் இரண்டும் வேறு வேறு பெயர்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லாததாலோ என்னவோ, நம் கண்ணுக்கு இது சட்டென்று படுவதில்லை. ஆனால் கோடாட் சொல்லத்தான் செய்கிறது: லேப்டாப்பில் ஓட்டும்போதே 'கேஸ் மிஸ்மேட்ச்' (பெரிய எழுத்து, சின்ன எழுத்து பொருந்தவில்லை) என்று ஒரு எச்சரிக்கை வரும். கேம்தான் ஓடுகிறதே என்று யாரும் அதைப் படிப்பதில்லை.

எல்லாப் பெயரையும் சின்ன எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் அடிக்கோடு போடுங்கள். பெயர் மாற்றுவதை விண்டோஸ் எக்ஸ்புளோரரில் செய்யாதீர்கள். கோடாடின் ஃபைல்சிஸ்டம் பேனலிலேயே செய்தால், அந்த மாடலைப் பயன்படுத்தும் சீன்களில் (கேமின் காட்சிகளில்) ஃபைல் இருக்கும் பாதையை அதுவே திருத்திவிடும். பெரிய எழுத்து சின்ன எழுத்தாவது மட்டும்தான் மாற்றம் என்றால், முதலில் வேறு ஏதாவது பெயர் வைத்து, அப்புறம் சரியான பெயருக்கு வாருங்கள். ஸ்கிரிப்டுக்குள் மேற்கோள் குறியில் எழுதிய பாதைகளைத் தேடிப் பிடித்து நீங்களேதான் மாற்ற வேண்டும்.

பெயர் சரியாக இருந்தும் வரவில்லையா? லோட் செய்வதற்கு முன் ஃபைல் இருக்கிறதா என்று கோடாடில் ஃபைலை நேரடியாகத் தொடும் 'ஃபைல்ஆக்ஸஸ்' கொண்டு சோதிக்கிறீர்களா, பாருங்கள். நீங்கள் போட்ட ஜிஎல்பி ஃபைல் (3டி மாடல் ஃபைல்) அப்படியே போனுக்குப் போவதில்லை. கோடாட் அதை இம்போர்ட் செய்து, ப்ராஜெக்டில் மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டரில் வேறு வடிவில் வைத்துக்கொள்கிறது. ஏபிகேவில் ஏறுவது அதுதான். அதனால் மூல ஃபைலைக் கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும். இம்போர்ட் ஆனதையும் அறிந்த 'ரிசோர்ஸ்லோடர்' மூலம் கேளுங்கள், சரியான பதில் கிடைக்கும்.

எக்ஸ்போர்ட் அமைப்பில் 'தேர்ந்தெடுத்த சீன்கள் மட்டும்' என்று வைத்திருந்தாலும் இதே கதைதான். மாடலின் பாதையை ஸ்கிரிப்டில் துண்டு துண்டாகச் சேர்த்து உருவாக்கி லோட் செய்தால் கோடாடுக்கு அந்தத் தொடர்பு தெரியாது, விட்டுவிடும். எல்லா ரிசோர்ஸும் என்று மாற்றுங்கள்.

திருத்திய பிறகு போனை யூஎஸ்பியில் இணைத்து, ரிமோட் டீபக்கை (போனில் வரும் பிழைகளை லேப்டாப்பில் காட்டும் வசதி) இயக்கி எடிட்டரிலிருந்தே ஓட்டுங்கள். எந்தப் பாதையில் சிக்குகிறது என்பது போனுக்குப் பதிலாக உங்கள் லேப்டாப் திரையிலேயே வந்துவிடும்.